கணினிக் காலமும் கட்டுரைப் பாடமும்

தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவனிடம் "நான் ஒரு கணினி" என்னும் தலைப்பைத் தந்தால் அரைமணி நேரத்தில் இரண்டு பக்கம் எழுதி முடித்துவிடுவான். அக்கணினி ஒரு தொழிற்சாலையில் பிறக்கும். கடையில் வரிசையாக அடுக்கப்பட்டுக் காத்திருக்கும். நல்ல உள்ளம் படைத்த ஒருவர் அதனை வாங்கிச் செல்வார். சில ஆண்டுகள் இன்பமாகக் கழியும். இறுதியில் பழுதடைந்து, குப்பைமேட்டில் கிடந்து, தன் நிலையை எண்ணிக் கண்ணீர் வடிக்கும். இடையே ஓர் இணைமொழி வரும். ஓர் உவமைத்தொடர் வரும். முடிவில் ஒரு பழமொழியும் வரும். மதிப்பெண்ணும் தவறாமல் வரும்.

அதே மாணவனிடம், "அந்தக் கணினி ஏன் பழுதடைந்தது? பழுதடைந்தபோது திரையில் தோன்றியது என்ன? அதற்குச் சற்று முன் நீ செய்தது என்ன? பழுது பார்ப்பவர் உன்னை நேரில் காணாமலேயே புரிந்துகொள்ளும் வண்ணம் பத்து வரியில் எழுது" என்று சொன்னால், எழுதுகோல் நின்றுவிடும். கணினியை அழவைக்கத் தெரிந்த மாணவனுக்கு அதனைப் பற்றி விளக்கத் தெரிவதில்லை. இது மாணவனின் குறையன்று. அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த முறையின் குறையாகும்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுள் பலர் தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை பார்க்க வேண்டுமென்பது பெற்றோரின் கனவு. 1996ஆம் ஆண்டு பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கி, சைபர்ஜெயா என்னும் நகரம் எழுந்த நாள் முதலாகவே இக்கனவு வளர்ந்து வருகிறது. பள்ளிகளும் அதற்கேற்பக் கணினிக் கூடம் அமைக்கின்றன. நிரல் எழுதும் போட்டிகளுக்கு மாணவர்களை அனுப்புகின்றன. வெற்றிக் கிண்ணங்களைக் கண்ணாடிப் பேழையில் அடுக்குகின்றன. இவையனைத்தும் பாராட்டத்தக்கவையே. ஆயினும், அத்துறையில் ஒருவனை உயர்த்தும் ஆற்றலொன்று கணினிக் கூடத்தில் பிறப்பதில்லை. மொழி வகுப்பில்தான் பிறக்கிறது. அதுவே தொழில்நுட்பத்தை விளக்கிச் சொல்லும் ஆற்றல். அந்த வகுப்பின் சாவி தமிழாசிரியர் கையில் இருக்கிறது. அச்சாவியை அவர் இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

எழுத்தும் தொழிலே

நிரல் எழுதுவோனின் வேலை நிரலோடு முடிவதில்லை. வாடிக்கையாளர் கேட்பது இன்னதென அவன் முதலில் எழுதி வைக்க வேண்டும். அமைக்கப்போகும் முறையை உடன் பணியாற்றுவோருக்கு விளக்க வேண்டும். நிரலில் ஒரு வரியை மாற்றினால், ஏன் மாற்றினான் என்று குறிப்பெழுத வேண்டும். பயன்படுத்துவோருக்குக் கையேடு எழுத வேண்டும். நள்ளிரவில் ஒரு சேவை நின்றுபோனால், நின்றது எப்போது, காரணம் என்ன, இனி நேராதிருக்கச் செய்தது என்ன என்று மறுநாள் அறிக்கை தர வேண்டும். இவற்றைப் படிப்போர் வேறு ஊரில், வேறு நாட்டில், சிலவேளை ஐந்தாண்டுகளுக்குப் பின்னர் இருப்பர். அவர்கள் எழுதியவனின் முகத்தைப் பார்த்து ஐயம் தீர்த்துக்கொள்ள இயலாது. எழுத்து ஒன்றே அவர்களுக்குத் துணை.

இணையம் வளர்ந்த கதையே இதற்குச் சான்று. 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஸ்டீவ் குரோக்கர் என்னும் மாணவ ஆய்வாளர் "கருத்துரை வேண்டுகோள்" என்ற பெயரில் முதல் ஆவணத்தை எழுதினார். அன்று தொடங்கிய அவ்வரிசை ஆயிரக்கணக்கில் பெருகி இன்றளவும் தொடர்கிறது. கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதிகள் பலவும் அவ்வாவணங்களிலேதான் வரையறுக்கப்பட்டன. கம்பிகளும் கருவிகளும் இணையத்தின் உடல் என்றால், தெளிவாக எழுதப்பட்ட அந்தத் தாள்கள் அதன் உயிர் எனலாம்.

அவ்வரிசையில் 2119ஆம் எண்ணுடைய ஆவணம் 1997ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்தது. அதன் பொருள் யாது? விதிகளை எழுதும்போது "செய்தே ஆக வேண்டும்", "செய்வது நலம்", "செய்யலாம்" ஆகிய மூன்றும் ஒன்றல்ல என்பதும், எதை எப்போது ஆள வேண்டும் என்பதுமே அதன் பொருள். உலகத்துப் பொறியாளர்கள் சில பக்க அளவில் உடன்பாடு கண்ட இச்செய்தி தமிழ் மாணவனுக்குப் புதிதா? ஏவல் வினையையும் வியங்கோள் வினையையும் அவன் பிரித்துப் படிக்கிறான். கட்டளையும் வேண்டுகோளும் வாழ்த்தும் வெவ்வேறு என அறிகிறான். ஆனால் அவ்விலக்கணம் தேர்வுத்தாளில் கோடிட்ட இடத்தை நிரப்புவதோடு நின்றுவிடுகிறது. ஒரு கருவியின் பாதுகாப்புக் குறிப்பை எழுதும்போது எந்த வினையை ஆள்வது என்று அவனை எவரும் கேட்டதில்லை.

குறை கூறவும் கற்க வேண்டும்

மென்பொருளில் நேரும் பிழையைத் தமிழ்க் கணிமை அன்பர்கள் "வழு" என்றே வழங்குகின்றனர். வழுவும் வழாநிலையும் வழுவமைதியும் படித்த தமிழாசிரியருக்கு இச்சொல்லாட்சி மகிழ்ச்சி தரும். வழுவைக் கண்டவன் அதனை எவ்வாறு தெரிவிக்கிறான் என்பதில்தான் அவனது பயிற்சி வெளிப்படுகிறது.

"வருகைப் பதிவு மென்பொருள் சரியாக வேலை செய்யவில்லை. பலமுறை முயன்றும் பயனில்லை. உடனே ஆவன செய்யவும்." இவ்வாறு எழுதுவோர் ஏராளம். இதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் பயனும் ஒன்றுமில்லை.

"வருகைப் பதிவு மென்பொருளில் 40 மாணவர் கொண்ட வகுப்பின் பட்டியலை அச்சிட்டபோது 32 பெயர்கள் மட்டுமே அச்சாயின. 40 பெயர்களும் திரையில் தெரிகின்றன. 32 பெயருக்கு மேற்படாத வகுப்புகளுக்கு இக்குறை நேரவில்லை. இரண்டு கணினிகளில் மும்முறை செய்து பார்த்தும் இதே விளைவு கிடைத்தது." இவ்வாறு எழுதியவன் பாதி வேலையை முடித்துவிட்டான். செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நேர்ந்தது என்ன, எப்போது நேரவில்லை என்னும் நான்கையும் அவன் சொல்லிவிட்டான். பழுது எங்கே ஒளிந்திருக்கக்கூடும் என்பதைப் படிப்பவர் உடனே ஊகித்துக்கொள்வார்.

இரண்டாவது குறிப்பில் அரிய சொல் ஒன்றுமில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவன் அறியாத சொல் ஒன்றுகூட அதில் இல்லை. இருந்தும் ஐந்தாம் ஆண்டு மாணவன் அதனை எழுதமாட்டான். பல்கலைக்கழகம் முடித்தவரும் எழுதத் தடுமாறுவர். குறைவது சொல்வளமன்று. நிகழ்ந்ததை உற்றுநோக்கி, வேண்டியதை மட்டும் எடுத்து, வேண்டும் முறையில் அடுக்கும் பழக்கமே குறைகிறது.

ஆங்கிலம் வந்தால் எல்லாம் வருமா?

"தகவல் தொழில்நுட்பத்தின் மொழி ஆங்கிலம். பிள்ளை ஆங்கிலத்தில் தேறினால் போதும்; விளக்கும் திறன் தானே வந்துவிடும்" என்பார் உளர். பெற்றோர் கூட்டங்களில் இக்குரல் ஓங்கி ஒலிக்கிறது. ஆசிரியர்களுள்ளும் சிலர் இதற்குத் தலையசைக்கின்றனர்.

ஆங்கிலம் வேண்டும் என்பதில் இரு கருத்திற்கு இடமில்லை. இத்துறையின் ஆவணங்களும் கலந்துரையாடல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. இந்நாட்டில் மலாய் மொழியும் இன்றியமையாதது. இதனை மறைத்து மாணவனுக்கு ஆசை காட்டுவது துரோகமாகும். ஆனால், ஆங்கிலம் அறிந்தவர் அனைவரும் விளங்க எழுதுவர் என்பது வெறும் மயக்கமே.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை அளித்த ஒரு கருவி. கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள மருத்துவமனைகளில் அது இயங்கியது. 1985ஆம் ஆண்டு சூன் முதல் 1987ஆம் ஆண்டு சனவரி வரை ஆறு நோயாளிகள் அக்கருவியால் அளவுக்குப் பன்மடங்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுள் உயிரிழந்தோரும் உளர். மென்பொருளில் இருந்த வழுவும், பாதுகாப்புத் தடைக்கருவிகள் நீக்கப்பட்டிருந்ததும் விபத்தின் வேர்கள். எனினும் இயக்குநரைக் காப்பாற்றியிருக்கக் கூடியது ஒன்று இருந்தது: திரையில் தோன்றிய செய்தி. அச்செய்தி என்ன சொன்னது? "கோளாறு 54" என்று மட்டுமே சொன்னது. அந்த 54 யாதென இயக்குநரின் கையேட்டில் விளக்கமில்லை. அத்தகைய கோளாறுச் செய்திகள் அடிக்கடி தோன்றி மறைவது வழக்கமாயிருந்ததால், இயக்குநர் தொடர்வதற்குரிய விசையை அழுத்தினார். நோயாளியின் உடலில் கதிர் மீண்டும் பாய்ந்தது.

செவ்வாய்க் கோளின் வானிலையை ஆராய 1998ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்கா ஏவிய விண்கலம் 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அக்கோளை அடைந்தவுடன் தொலைந்துபோயிற்று. ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசையைப் பவுண்டு அலகில் கணக்கிட்டுத் தந்தது. மற்றொரு குழு அதனை நியூட்டன் அலகில் அமைந்ததாகக் கொண்டது. இரண்டுக்கும் இடையே நான்கரை மடங்கு வேறுபாடு. எண்ணின் பக்கத்தில் நிற்கவேண்டிய ஒரு சொல் நிற்காததால் ஒரு விண்கலமே போயிற்று. குழுக்களிடையே தகவல் பரிமாற்றம் போதாமையும் ஒரு காரணமென ஆய்வுக்குழு பின்னர் எழுதியது.

இவ்விரண்டும் ஆங்கிலம் கோலோச்சும் நாடுகளில், ஆங்கிலத்திலேயே வாழ்ந்த வல்லுநர்களிடையே நிகழ்ந்தவை. மொழியறிவு அவர்களுக்குக் குறையவில்லை. படிப்பவர் எதை அறிவார், எதை அறியார் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கமே குறைந்தது. இப்பழக்கம் எந்த மொழிக்கும் தனியுரிமையன்று. குழந்தைக்கு அது முதலில் வாய்க்க வேண்டியது அவன் தயங்காமல் சிந்திக்கும் மொழியில். தாய்மொழியில் முறைப்படுத்திச் சொல்லத் தெரியாதவன் பிறமொழியில் சொல்லப் புகும்போது இரட்டைச் சுமை சுமக்கிறான். தாய்மொழியில் கற்றவனோ சொற்களை மட்டும் மாற்றிக்கொள்கிறான்.

இந்நாடு ஒருமுறை இவ்வழக்கை நேருக்கு நேர் சந்தித்தது. 2003ஆம் ஆண்டு முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டில் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. பின்னர் அப்பாடங்கள் படிப்படியாகத் தமிழ்ப்பள்ளிகளில் தமிழுக்குத் திரும்பின. தமிழ் அமைப்புகள் அதற்காகக் குரல் கொடுத்தன. குரல் கொடுத்தது சரி. ஆனால் பாடம் தமிழுக்குத் திரும்பிய பிறகு, அறிவியலைத் தமிழில் விளக்கி எழுதும் பயிற்சி தமிழ் வகுப்பில் பெருகியதா? "மின்சுற்றில் விளக்கு ஏன் எரியவில்லை?" என்பது ஒரு கட்டுரைத் தலைப்பாக மாறியதா? உரிமையைப் பெற்றதோடு கடமை முடிந்ததென்று கருதிவிட்டால், பெற்ற உரிமை நெடுநாள் நில்லாது.

கலைச்சொல் என்னும் சாக்கு

"தமிழில் எழுதலாம், ஆனால் கலைச்சொல் இல்லையே" என்பது அடுத்த தடை. கணினி, மென்பொருள், மின்னஞ்சல், இணையம், கோப்பு, திரை, விசைப்பலகை ஆகியவை இன்று பள்ளிப்பிள்ளையின் நாவிலும் புழங்குகின்றன. இல்லாத சொல்லுக்குப் பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒரு வரி விளக்கம் தந்தால் வாசகர் ஏற்றுக்கொள்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மாணவர் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அகராதி முற்றும் வரை அவர் காத்திருக்கவில்லை. எழுத எழுதச் சொல் பிறந்தது. பெ.நா.அப்புசாமி அறிவியலை எளிய தமிழில் பல்லாண்டுகள் எழுதினார். பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா கணினியைத் தமிழ் வாசகரின் வீட்டுக்குள் அழைத்து வந்தார். இவர்களைப் படித்தோர் நினைவில் நிற்பது இவர்கள் ஆக்கிய சொற்களைவிட இவர்கள் விளக்கிய விதமே.

ஆனால் கருத்தரங்குகளில் நடப்பது என்ன? ஒரு சொல் வடசொல்லா தென்சொல்லா என்று ஒரு மணி நேரம் வழக்காடுகின்றனர். அச்சொல்லை வைத்து ஒரு பத்தி எழுதிக் காட்டுவார் அங்கே இல்லை. செங்கல்லின் நிறம் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டே வீடு கட்டாமல் விட்டவர் கதைதான் இது. தூய தமிழ்ச் சொற்களால் மட்டும் எழுதப்பட்டும் விளங்காத கையேடு எவருக்கும் பயன்படாது. பிறமொழிச் சொல்லை அள்ளித் தெளித்து எழுதுவதும் விளக்கமாகாது, சோம்பலாகும்.

நன்னூல் எதற்கு?

"தமிழ்ப்பாடம் இலக்கியச் சுவைக்காக உள்ளது. அதனைத் தொழிற்சாலைக் குறிப்பேடாக்குவதா?" என்று சினப்பாரும் உளர். இவர்களின் சினம் தமிழ்ப்பற்றிலிருந்து எழுவது, ஆதலின் மதிக்கத்தக்கது. ஆனால் தமிழ் மரபையே அது பாதியாக வெட்டிவிடுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் ஒரு நூல் எவ்வாறு அமைய வேண்டும் என்று பேசுகிறது. நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் அது வகுத்துக் காட்டுகிறது. மயங்க வைத்தல் ஒரு குற்றம். சொல்ல வந்ததை விட்டு மற்றொன்றை விரிப்பதும் ஒரு குற்றம். குறைவாகச் சொல்வதும் குற்றம், மிகையாகச் சொல்வதும் குற்றம். விளங்க வைத்தல் அழகு. முறையாக வைத்தல் அழகு. தக்க எடுத்துக்காட்டுத் தருதல் அழகு. இன்று மென்பொருள் நிறுவனங்கள் தம் ஆவண எழுத்தாளர்களுக்குத் தரும் அறிவுரை இதனின் வேறானதா? "கோளாறு 54" என்பது குன்றக் கூறலன்றி வேறென்ன? இரண்டு குழுக்கள் ஒரே எண்ணை இரு பொருளில் கொண்டது மயங்க வைத்தலின் விளைவன்றோ?

இப்பாயிரத்தைத் தமிழ் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். பத்தையும் மூச்சுவிடாமல் ஒப்புவிப்போர் உண்டு. ஆனால் தம் கட்டுரையை எடுத்துவைத்து இப்பத்துக் குற்றங்களில் எவை அதில் உள்ளன என்று தேடச் சொல்லும் ஆசிரியரைக் காண்பது அரிது. அளவுகோலை வழிபாட்டறையில் வைத்துவிட்டுக் கண்ணளவில் மரம் அறுக்கும் தச்சனுக்கு இது ஒப்பாகும்.

உரையாசிரியர் மரபும் அவ்வாறே. மூலத்தைப் படிக்கும் மாணவன் எங்கே இடறுவான் என்று முன்னறிந்து, அங்கே நின்று கைகொடுப்பவர் உரையாசிரியர். கணினி வரலாற்றிலும் ஓர் உரையாசிரியர் முதலிடத்தில் நிற்கிறார். 1843ஆம் ஆண்டில் அடா லவ்லேசு அம்மையார், பாபேசு திட்டமிட்ட பகுப்புப் பொறியைப் பற்றிய பிரெஞ்சுக் கட்டுரை ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதனோடு மூலத்தைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு நீளமான குறிப்புகளையும் சேர்த்தார். உலகின் முதல் கணினி நிரல் என்று பலரும் போற்றுவது அக்குறிப்புகளில்தான் உள்ளது. மொழிபெயர்ப்பும் உரையும் எழுதப் புகுந்த ஒருவர் ஒரு துறைக்கே வழிகாட்டியானார். உரை மரபில் ஊறிய தமிழுக்கு இதனைக் காட்டிலும் நெருக்கமான முன்மாதிரி வேண்டுமா?

மூன்றெழுத்தா, ஐந்தா?

தமிழறிவே தொழிலறிவாக மாறும் இடமும் உண்டு. "தமிழ்" என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் மூன்று என்பான் மாணவன். கணினியைக் கேட்டால் ஐந்து என்னும். யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாக அச்சொல் சேமிக்கப்படுகிறது. "கொ" என்னும் எழுத்தின் குறி திரையில் ககரத்திற்கு இருபுறமும் தோன்றினாலும், சேமிப்பில் ககரத்திற்குப் பின்னரே நிற்கிறது. இதனை அறியாத பொறியாளர் ஒருவர் பெயருக்கு இத்தனை எழுத்தே இடம் என்று வரையறுத்தால், தமிழ்ப்பெயரின் கடைசிப் புள்ளி வெட்டுண்டு போகும்.

இக்குறையை அத்தகைய பொறியாளருக்கு விளக்கத் தகுதியுடையவர் யார்? உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் அறிந்த தமிழ் மாணவனே. சிங்கப்பூரில் நா.கோவிந்தசாமி கணியன் மென்பொருளைப் படைத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. 1999ஆம் ஆண்டு சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு உருப்பெற்றது. 2001ஆம் ஆண்டு மாநாட்டுக்குக் கோலாலம்பூரே இடம் தந்தது. இவ்வளவு பெருமையும் இம்மண்ணுக்கு அருகில் உண்டு. ஆயினும் "தமிழ் எழுத்து கணினியில் எவ்வாறு சேமிக்கப்படுகிறது?" என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் எழுதத்தக்க மாணவர் எத்தனை பேர்? பெருமை பேசும் சொற்பொழிவுக்குப் பஞ்சமில்லை. விளக்கும் பக்கத்திற்கே பஞ்சம்.

இயந்திரம் எழுதித் தராதா?

2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் புதிய சாக்கொன்று பிறந்துள்ளது. "இனிக் கட்டுரையையும் கையேட்டையும் இயந்திரமே எழுதும், மாணவன் ஏன் வருந்த வேண்டும்?" என்கின்றனர். ஆனால் இயந்திரத்திடம் கேட்பதும் எழுத்துதான். வேண்டுவது இன்னது, வேண்டாதது இன்னது, படிப்பவர் இன்னார் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனுக்கே அது பயன் தரும். குழம்பிக் கேட்பவனுக்குக் குழப்பத்தையே அழகிய நடையில் திருப்பித் தரும். அது வெளிவந்த மறுமாதமே, நிரலர்கள் வினா விடை பரிமாறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் அதன் விடைகளைத் தடை செய்தது. பார்வைக்குச் சரியாகத் தோன்றும் தவறான விடைகள் குவிந்தமையே காரணம். மெய்போலத் தோன்றும் பொய்யைப் பிரித்தறிய, விளக்கம் எது, வெற்று அலங்காரம் எது என்று அறிந்த கண் வேண்டும். அலங்காரத்திற்கே மதிப்பெண் பெற்று வளர்ந்த மாணவனுக்கு அக்கண் எங்கிருந்து வரும்?

செய்ய வேண்டுவன

குறை கூறியவர் வழியும் கூற வேண்டும். வழி கடினமன்று, பணமும் வேண்டாம்.

வாரம் ஒரு பாடவேளை செய்முறை எழுத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும். காகிதக் கப்பல் செய்வது, வேட்டி கட்டுவது, கைத்தொலைபேசியில் தமிழ் விசைப்பலகையை நிறுவுவது என்பன போன்றவை தலைப்புகளாகலாம். எழுதியதை மற்றொரு மாணவன் படித்து, எழுதியபடியே செய்ய வேண்டும். அப்போது எழுதியவன் வாய் திறக்கலாகாது. கப்பல் உருவாகாவிடில் குற்றம் செய்தவனுடையதன்று, எழுதியவனுடையது. சிவப்பு மையை விட இப்பாடம் ஆழப் பதியும்.

கோலம் இதற்கு ஏற்ற களம். "15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி" என்று ஒரு தாய் சொன்னால் மற்றொரு தாய் புள்ளிகளைப் பிழையின்றி வைத்துவிடுவாள். நடு வரிசையில் 15, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 என்னும் முழு அமைப்பும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. எழுத்தறியாத பாட்டிமார் கையாண்ட இச்சுருக்கம் தொழில்நுட்பக் குறியீடேயாகும். புள்ளி வைத்த பின் கோடிழுக்கும் முறையைச் சொற்களால் மட்டும் எழுதச் சொல்லி, படம் காணாத மாணவனை வரையச் சொல்லலாம்.

இவ்வகை எழுத்துக்குத் தனி மதிப்பீடு வேண்டும். அதில் மொழியணிக்கு மதிப்பெண் இல்லை என்பது முதல் விதியாக இருக்கட்டும். பழமொழி செய்யுளுக்கும் சொற்பொழிவுக்கும் அணி சேர்க்கும். தீயணைப்புக் கருவியின் பயன்பாட்டுக் குறிப்பில் அது இடையூறே. "தேர்வு கேட்கிறது, அதனால் கற்பிக்கிறோம்" என்று ஆசிரியர்கள் நெடுங்காலம் சொல்லி வந்தனர். ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. தேர்வு போயிற்று, பழக்கம் போகவில்லை. ஆக, தடையாக நின்றது தேர்வு மட்டுமன்று என்பது தெளிவாகிறது.

மேல்வகுப்பில் ஒரே விளக்கத்தைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதும் பயிற்சி தரலாம். மும்மொழி கற்கும் சுமை அப்போது மும்மொழி ஆற்றலாக மாறும். ஆசிரியர் கல்விக்கழகங்களில் பயிலும் இளம் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு கருவிக்கேனும் தமிழில் கையேடு எழுதி, அதனை அறியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதித்த பின்னரே வகுப்பறைக்கு வருதல் நலம். எழுத்தாளர் அமைப்புகள் சிறுகதைக்கும் மரபுக்கவிதைக்கும் பரிசளிப்பதுபோல் விளக்கக் கட்டுரைக்கும் ஆண்டுதோறும் ஒரு பரிசு வைக்கட்டும். பரிசு வைத்த இடத்தில் எழுத்து வளரும் என்பது அவ்வமைப்புகள் நன்கறிந்த உண்மை.

தமிழ்ப்பள்ளியின் மறுமொழி

1816ஆம் ஆண்டு பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க்கல்வி, 2016ஆம் ஆண்டில் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது. இன்று 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் இயங்குகின்றன. ஆயினும் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஆண்டுக்காண்டு கூர்மையாகிறது: "தமிழ் படித்தால் என் பிள்ளைக்கு என்ன பயன்?"

அக்கேள்விக்குப் பண்பாடு, அடையாளம், தாய்மொழிப் பற்று என்று மறுமொழி தருவது முறையே. ஆனால் அம்மறுமொழி மட்டும் கேட்டுத் திரும்பிச் சென்ற பெற்றோர் எத்தனையோ பேர். "இப்பள்ளியில் பயிலும் பிள்ளை எதையும் எவருக்கும் விளங்கச் சொல்வான், நாளை எந்த மொழியில் எந்த நிறுவனத்தில் அமர்ந்தாலும் அவன் எழுதிய குறிப்பைப் படித்தவர் மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டியிராது" என்று ஒரு தமிழாசிரியர் நெஞ்சுயர்த்திச் சொல்லக் கூடுமாயின், அது எந்த முழக்கத்தையும் விட வலிமையான மறுமொழியாகும். அவ்வாறு சொல்லும் தகுதியை எந்த அமைச்சும் வழங்க இயலாது. எந்த மாநாடும் தீர்மானம் நிறைவேற்றித் தர இயலாது. வகுப்பறையில், வாரம் ஒரு பாடவேளையில், ஒரு பக்க எழுத்தில் அது தேடிக்கொள்ள வேண்டிய தகுதி. தமிழாசிரியர்கள் தேடத் தொடங்கட்டும்.